இடக்கை கடைசி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன ஜூலையில், கியோட்டோவில் ஒரு ஸ்டூடியோ கான்டீனில், எனக்கு எதிரே ஊடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மினேகோ அக்கா சொன்னது. சொல்லி முடித்ததும் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மிச்சச் சாற்றைக் குடித்துவிட்டு, "வேணும்னா எழுதிக்கோங்க. உங்க பாஷைல எழுதினா இங்க எவன் படிக்கப் போறான்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

என் பிழைப்பைச் சொல்லவில்லையே. பத்தொன்பது வருஷமாக இங்கே சினிமாவுக்குக் காலடிச் சத்தம் போடுகிறேன். திரையில் ஆள் நடந்தால், மூடிய அறைக்குள் அதே வேகத்தில் நானும் நடப்பேன். சரளைக்கல், மரப்பலகை, ஈரமண் என்று தட்டுத் தட்டாக வைத்திருக்கிறேன். மருதமுத்து என்ற பெயரை மடக்கி மடக்கி 'மாருசான்' ஆக்கிவிட்டார்கள். மாரு என்றால் வட்டம், பூஜ்யம். பேய்ப் படம் வந்தால் பெயர் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இந்த ஊர்ப் பேய்க்குத்தான் காலே கிடையாதே. அது வரும் காட்சிகளில் எனக்கு வேலை இல்லை, சும்மா உட்கார்ந்து பார்க்கலாம்.

* நம் ஊர்ப் பேய் நாகரிகம் தெரிந்தது. கொலுசைக் குலுக்கிவிட்டுத்தான் வரும். ஓடுகிறவன் ஓடிக்கொள்ளலாம். இங்கே அப்படியெல்லாம் சலுகை இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'நள்ளிரவு. மழை. நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் வெள்ளை உடுத்திய ஒருத்தி' — வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாம் முயற்சி: 'இருநூறு வருஷத்துக்கு முந்தைய பேய் ஓவியச் சுருள்களை ஆகஸ்டு வெயிலில் கோயிலுக்குள் தொங்கவிடுவார்கள். எதிரே போய் நின்றால் முதலில் ஒன்றும் பயமாக இருக்காது. ஒரு பெண். அவிழ்ந்த முடி. மணிக்கட்டிலிருந்து தொங்கும் கைகள். இடுப்புக்குக் கீழே மை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போய், பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். அந்த வெறும் தாளைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் படமெடுக்கிறவர்கள்' — இது கட்டுரை ஆகிறது. நிறுத்திவிட்டேன்.

நிறுத்தினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. அந்தப் பேய் உடுத்தியிருப்பது பயமுறுத்துவதற்காக யாரோ தைத்த உடை இல்லை. பிணத்துக்கு உடுத்தும் வெள்ளை. முடி அவிழ்ந்திருப்பது, குளிப்பாட்டும்போது அவிழ்த்துவிட்டதால். வீட்டுக்காரர்கள் எப்படி அனுப்பினார்களோ அப்படியே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். முதல் முறை இது புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுக்குமாடி லிஃப்டில் நிற்பதும், பள்ளிக்கூடக் கழிப்பறையில் நிற்பதும், அமெரிக்கப் படத்தில் கட்டிலடியில் கிடப்பதும், நம் ஊர்ப் படத்தில் முடியை முகத்தில் போட்டுக்கொண்டு வருவதும் எல்லாமே ஏதோ ஒரு வீட்டில், ஏதோ சில கைகள் அழுதுகொண்டே உடுத்திவிட்ட ஒரு பிணம். எத்தனை படம் பார்த்தாலும் இந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

மூன்றாம் முயற்சி: 'மினேகோவுக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பது வருஷமாகப் பேய்களுக்கு உடுத்திவிடுகிறாள்.'

இது இருக்கட்டும். (கதைக்குள் மட்டும் அவரை 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன். நேரில் அப்படிச் சொன்னால் வாயில் பல் இருக்காது.)

3

மினேகோவின் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கிமோனோவில் உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மடிப்பு மேலே வரும். செத்தவர்களுக்கு வலது மடிப்பு மேலே வரும். இங்கே பால்வாடிக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சட்டம் எளிது. கை வேலைதான் வம்பு. உடுத்திவிடுகிறவள் எதிரே நிற்பதால், போட்டுக்கொள்பவரின் வலது மடிப்பு அவளுடைய இடக்கையில் இருக்கும். ஆகவே பேய்க்கு உடுத்தும்போது முதலில் வலக்கை போகும், அதன் மேல் இடக்கை. மினேகோ இதை ஒவ்வொரு தடவையும் முனகிக்கொள்வாள்: "இடக்கை கடைசி." நாற்பது வருஷத்தில் யோசிப்பதை நிறுத்திவிட்டாள். பேய் வேஷக்காரி எதிரே வந்து நின்றால் கைகள் தாமாகவே போகும்.

செத்தவர்களின் இந்த மடிப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹிதாரி மாயெ'. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'இடது முன்'. எனக்கு இதில் பல நாள் குழப்பம்.

"மேல இருக்கிறது வலது. பேரு மட்டும் இடது முன்னா? என்னக்கா கணக்கு இது?" என்று கேட்டேன்.

"முன்ன போறது இடது. முன்னாடி தெரியிறது இல்ல. ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?"

யோசித்துப் பார்த்தால் நம் 'முன்'னும் அதே திருட்டு வேலையைத்தான் செய்கிறது. முன் என்றால் முந்தியும் உண்டு, எதிரேயும் உண்டு. அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலம் தையல் அறையில் இருந்த எல்லோரிடமும், "மாருசான் ஊருலயும் இதே கூத்துதானாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

* கோடையில் பெண்கள் யுகாதா என்ற மெல்லிய கிமோனோ உடுத்திக்கொண்டு போனில் தங்களையே படமெடுத்துக்கொள்வார்கள். போன் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டும். ரயிலில் பக்கத்துப் பெண்ணின் போனை எட்டிப் பார்த்த மினேகோ என் காதில் சொன்னது: "நாலு பொணம், ஆளுக்கொரு ஐஸ்கிரீமோட."

4

இனி அவள் கணவர். பெயர் தமொட்சு. நகரப் பேருந்து ஓட்டுநர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, நிறுத்தம் வரும்போது நிறுத்தத்தின் பெயரைத் தாமும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாராம். பயந்தாங்கொள்ளி. மனைவி வேலை பார்த்த ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னிக்கு எத்தனை பேரு செத்தாங்க?" என்று கேட்பார். "ரெண்டு. ஒருத்திக்குப் பசி, ரெண்டு சோற்றுருண்டை தின்னா" என்பாள். முப்பது வருஷம் இதே கேள்வி, ஏறக்குறைய இதே பதில்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவர் இவ்வளவு நல்லவராக இருந்திருப்பாரா? செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள். கேட்டேன். "சாக்ஸை எங்க கழட்டினாரோ அங்கேயே போடுவாரு. இதையும் எழுதிக்கோங்க" என்றார் அக்கா. எழுதிவிட்டேன்.)

ஏழு வருஷத்துக்கு முன்னால், நவம்பரில், பேருந்துப் பணிமனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் உடுத்திவிடும் சடங்கு. குளிப்பாட்டி, வெள்ளையை அடியில் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். சடங்கு நடத்த வந்தவர் மினேகோவைப் பார்த்து, "நீங்க தொழில் தெரிஞ்சவங்க. நான் சொல்றதுக்கு என்ன இருக்கு" என்று மரியாதையாக விலகிக்கொண்டார். இரண்டு பக்கமும் அவர் தம்பிகள், உடம்பைத் தாங்கிப் பிடிக்க. கால்மாட்டில் நாத்தனார், வழிப்பயணத்துக்கான வைக்கோல் செருப்பைக் கட்டிக்கொண்டு. மினேகோவுக்கு மிச்சமிருந்த இடம் தலைமாடு. அங்கே முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கைகள் தாமாகவே போயின. முதலில் வலக்கை. அதன் மேல் இடக்கை.

கொஞ்சம் நில்லுங்கள். நீங்களே ஒருவரைப் படுக்க வைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் அவர் இடது, உங்கள் இடது. எதிரே நின்று முப்பத்து மூன்று வருஷம் பழகிய கை, தலைமாட்டிலிருந்து அதே மாதிரி போனால் எல்லாம் தலைகீழ். தொழில் தெரியாதவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எது இடது, எது வலது என்று விரல் விட்டுப் பார்த்துச் சரியாகச் செய்திருப்பாள்.

பெட்டிக்குள் வைத்து, நெஞ்சுவரை போர்த்தி, பூவெல்லாம் நிரப்பி மூடியாயிற்று. மூடியில் முகம் பார்க்க ஒரு சின்னக் கதவு உண்டு. எரியூட்டும் இடத்தில் கடைசியாக ஒரு தடவை அதைத் திறந்தார்கள். மினேகோ இப்போது கால்மாட்டுப் பக்கம் நின்றாள். முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே கழுத்துப்பட்டி தெரிந்தது. இடது மேலே. அவர் உயிரோடு உடுத்திக்கொண்டு படுத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன் கான்டீனில்.

"நாப்பது பேரு நிக்கிறாங்க. சாமியார் ஓதிக்கிட்டிருக்காரு. பேய்க்கு உடுத்துற மினேகோ சொந்தப் புருஷனுக்குத் தப்பா உடுத்திட்டான்னு நானே எப்படிச் சொல்லுவேன்? வாய் வரல. அவங்க கதவைச் சாத்திட்டாங்க."

அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும், செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில், அக்காவும் விளக்கு ஏற்றுகிறார், அவர்கள் ஏறித் திரும்பும் மாடு என்று கத்தரிக்காய் வைக்கிறார், கணவருக்குப் பிடித்த பீர் ஒன்றைத் திறந்து வைக்கிறார். ஆனால் நம்பிக்கை இல்லை. "தான் செத்தது தெரியாத ஆளு எந்தக் கூட்டத்தோட வருவாரு? எந்த நிறுத்தத்துல நின்னுக்கிட்டிருக்காரோ" என்றார். ஏழு வருஷமாக இந்த ஒரு கேள்விதான் அவரைத் தின்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும்.

5

இதையெல்லாம் அன்றைக்கு ஏன் சொன்னார் என்றால், அன்று காலை நடந்ததால்.

ஹிரசாவா என்று ஒரு இளம் டைரக்டர். இப்போதெல்லாம் பேய்க்கு வெள்ளை கவுனை மாட்டிவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். இவர் அப்படி இல்லை, பழைய சுருள்களில் இருப்பதுபோல மடிப்பு வைத்த வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மினேகோ சந்தோஷமாக உடுத்திவிட்டாள். அன்று பதினொரு மணிக்கு, படத்தைக் கோத்தவரை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

தாழ்வாரத்தின் கடைசியில் பேய் நிற்கும் காட்சி. பதினொரு விநாடி. அவள் பார்க்க வேண்டிய தாய் வலப்பக்கம் இருக்கிறாள், எடுத்ததோ இடப்பக்கம் பார்க்கும்படி. அதனால் எடிட்டர் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார். எல்லோரும் செய்வதுதான். சுவரில் எழுத்து இல்லை, கடிகாரம் இல்லை, யாருக்கும் தெரியாது.

அந்தப் பதினொரு விநாடியில் அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

எப்படிச் சொல்வது? (மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன்.) அதே பெண், அதே முடி, அதே வெள்ளை. ஆனால் இவள் பயமுறுத்த வந்தவளாக இல்லை. வழி கேட்க நிற்கிறவள் போல நின்றாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்கே லேசாகத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. என் பிழைப்பில் நூறு பேயாவது பார்த்திருப்பேன். ஒன்றின் முன்னாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை. நான் காலைப் பார்க்கிற ஆள், கழுத்தைப் பார்க்கத் தெரியாது.

விளக்கு வந்ததும் ஹிரசாவா திரும்பினார். "நேத்து வரைக்கும் இந்தக் காட்சி சப்புனு இருந்துச்சு. இன்னிக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அக்கா, உடையில எதாவது இடிக்குதா?"

மினேகோவின் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை முடிந்ததும், "நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றாள்.

ஹிரசாவா அவசரமாகக் குறுக்கே வந்தார். "திரும்ப எடுக்கச் சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணு முடியை ஒட்ட வெட்டிட்டா. அடுத்த படத்துல போலீஸ்."

"நாளைக்குச் சொல்றேன்னேன்ல" என்று எழுந்தவள், என்னைப் பார்த்து, "மாருசான், பசிக்குது. வாங்க" என்றாள்.

6

மறுநாள் அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறவன் புத்தி சும்மா இருக்குமா.

முடிவு அ: 'மினேகோ தப்பைச் சொன்னாள். சவுரி வைத்துத் திரும்ப எடுத்தார்கள். கணவருக்குச் செய்யத் தவறியதை அந்தப் பேய்க்குச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியில் அவள்' — ஐயோ. இவ்வளவு ஒழுங்கான மனுஷியை நான் எங்கேயும் சந்தித்ததில்லை.

முடிவு ஆ: 'மழைச் சாயங்காலம். மினேகோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேருந்தில், ஓட்டுநர் நிறுத்தத்தின் பெயரை மெதுவாகத் தாமும் ஒரு தடவை சொல்கிறார். கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கையுறை' — இதை எழுதியபோது எனக்கே ரோமம் நட்டுக்கொண்டது. பெருமையாக அக்காவிடம் சொன்னேன். "அவரா? அவரு பேயா வந்தா கண்ணாடில தன்னையே பாத்துட்டு முதல்ல அவருதான் இறங்கி ஓடுவாரு" என்றார். போயிற்று.

நடந்தது இதுதான். காலையில் அக்கா ஹிரசாவாவிடம் போய், "அப்படியே இருக்கட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை. படம் வெளிவந்தது. அந்தப் பதினொரு விநாடிக்காகவே இரண்டாம் தடவை போனவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். படம் திரும்பியதில் மடிப்பும் திரும்பி, பேய்க்கு இடது மேலே வந்திருந்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மனசுக்கு இன்னும் எட்டவில்லை.

7

அக்டோபரில் இதன் முதல் படியைத் தையல் அறையில் வைத்து அவருக்கு ஜப்பானியத்தில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். கையில் இஸ்திரிப் பெட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஊடோன் சாப்பிடல. சோபா நூடுல்ஸ்."

"சரிக்கா."

"மாத்துவீங்களா?"

"தமிழ்ல ஊடோன் நல்லா இருக்கு."

"அப்ப நீங்க இஷ்டத்துக்கு மாத்தலாம்?"

"கதைதானேக்கா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அப்படின்னா என் நாத்தனாரைக் கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லலாம்ல?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் தாளை மடியில் விரித்தேன். அங்கேயே, அவர் முன்னாலேயே எழுதினேன்.

'நாத்தனார் செருப்பைக் கட்டி முடித்து நகர்ந்துகொண்டாள். மினேகோ எழுந்து கால்மாட்டுக்கு வந்தாள். எதிரே அவர். கைகள் தாமாகவே போயின. முதலில் வலக்கை. அதன் மேல் இடக்கை. வலது மடிப்பு மேலே வந்தது.'

படித்துக் காட்டினேன். அக்கா இரண்டு தடவை தலையாட்டினார்.

"இப்ப தெரிஞ்சிரும்ல, அவருக்கு?"

"தெரிஞ்சிரும்."

"போயிருவாரு."

"போயிருவாரு அக்கா. ஆகஸ்டுல மட்டும் வருவாரு."

இஸ்திரிப் பெட்டி சூடு ஆறிவிட்டது. "ஏழு வருஷமா அவரு போகணும்னுதான் வேண்டிக்கிட்டேன் மாருசான்" என்றார். "அந்தப் பொண்ணை அன்னிக்குத் திரையில பாத்தேன்ல, அப்ப முதல் தடவையா ஒண்ணு தோணிச்சு. தெரியாம நிக்கிற வரைக்கும் எங்கயோ நிக்கிறாரு. நான் செத்ததும், என்னைக்காவது ஒரு நிறுத்தத்துல என்னை ஏத்திக்குவாரு. இப்ப எழுதினதை அழிச்சிருங்க."

எழுதுகோலை எடுத்தேன்.

"இல்ல, அழிக்காதீங்க. பாவம், எவ்வளவு நாள்தான் நிப்பாரு."

எழுதுகோலைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியல. நீங்கதானே எழுதுறீங்க. நீங்களே பாத்து எதையாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார்.

8

எனக்கும் தெரியவில்லை. நாலு மாதமாக அந்தப் பத்தியை அடிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். மனிதர்களுக்குக் காலடிச் சத்தம் போடத் தெரியும் எனக்கு. ஒருவரைப் போகச் சொல்லவும் தெரியவில்லை, நில்லுங்கள் என்று சொல்லவும் தெரியவில்லை.

ஆகவே மேலே இருக்கும் பத்தியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நாத்தனார் நகரவில்லை. தமொட்சு இன்னும் உடுத்தி முடியாமல் கிடக்கிறார்.

நீங்கள் கையில் வைத்திருப்பது புத்தகம்தானே? உங்கள் எதிரே விரிந்து, மல்லாந்து கிடக்கிறது. நீங்கள் அதன் கால்மாட்டில் இருக்கிறீர்கள், உடுத்திவிடுகிறவள் உட்கார வேண்டிய சரியான இடத்தில். இடது பக்கம் உங்கள் இடக்கையில். வலது பக்கம் வலக்கையில். எந்தப் புத்தகத்தை மூடினாலும் ஒரு பக்கம்தான் மேலே வரும்.

இடக்கை கடைசியாகப் போனால் அவருக்குத் தெரிந்துவிடும், கிளம்பிவிடுவார். வலக்கை கடைசியாகப் போனால் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில், அதன் பெயரைத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவள் வரும்வரை.

மெதுவாக மூடுங்கள். எந்தக் கை என்று எனக்கு எழுத வேண்டாம். அக்கா கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.